மதிலில் பதித்த கல்லும் டேனியின் வீடும்

எங்கள் கேட்டில் மாநகராட்சி ஆட்கள் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது, என் மகன் டேனி அவர்களுக்குப் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்கள் என்று அவனுக்கு நினைப்பு. ஒட்டி முடித்ததும் கை தட்டினான். வந்தவர்களில் ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அரிசி களைந்த கையோடு வாசலுக்கு ஓடி வந்தேன்.

நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. சாரம் இதுதான்: இது குடியிருப்புப் பகுதி. இந்த வீட்டில் அனுமதி இல்லாமல் ஒரு நிறுவனமும் ஒரு வழிபாட்டுக் கூடமும் நடக்கின்றன. ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். தவறினால் வீட்டைப் பூட்டி சீல் வைப்பார்கள்.

அது 2007, ஜூலை மாதம். நல்ல மழை. நான் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கிரேஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஐதராபாத்துக்கு வந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நம் சபையில் எல்லாருக்கும் தெரியும். மேடையில் ஏறிச் சாட்சி சொல் என்றால் நான் சாட்சியை விட்டுவிட்டு யாரையாவது திட்டிவிட்டு இறங்குவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுதும்போது அடித்துத் திருத்தலாம் அல்லவா?

என் கணவர் தங்கராஜ் ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தார். டவுன்ஷிப்பில்தான் குடியிருந்தோம். டேனி அங்கேதான் பிறந்தான். உடம்பு வளர்ந்தது. அறிவு சின்னப் பிள்ளையாகவே நின்றுகொண்டது. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, அதனால் இங்கே எழுதவில்லை. நாம் தமிழில் பேசினால் அவனுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். சிறப்புப் பள்ளியில் அவன் பழகிய பாஷை அது.

காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் புறப்படும். டேனி நிறுத்தத்தில் நின்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கையாட்டுவான். டிரைவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள். வழி தவறி எங்கேயாவது போய்விட்டால் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிடுவார். டவுன்ஷிப் முழுவதும் அவனுக்கு வீடாக இருந்தது. அதனால் எங்களுக்குப் பயம் தெரியவில்லை.

இவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பிடித்தது பயம். எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? இதே கேள்வியைத் தலையணையாக வைத்துக்கொண்டு படுக்கிற தாய்மார் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

சிறப்புப் பள்ளியில் பழகிய மூன்று குடும்பங்கள் நாங்கள். எல்லாருக்கும் இதே கவலை. அதில் சரோஜா அக்கா நம் சபை அல்ல. அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தது. நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய இந்தி. அவர் மகன் முரளிக்கும் டேனி வயதுதான். மூன்றாவது குடும்பம் பாலாநகரிலிருந்து வந்தது. அவர்களுக்கு அப்படி இரண்டு பையன்கள்.

பெரிய ஆசிரமம் வேண்டாம், ஆஸ்பத்திரி மாதிரி கட்டில் வரிசையும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு சாதாரண வீடு. அதில் நம் நான்கு பிள்ளைகளும் கூடி வாழட்டும். தன் துணியைத் தானே துவைக்க, காய் நறுக்க, கடைக்குப் போய் வரப் பழகட்டும். பெற்றோர் முறை வைத்துத் தங்குவோம். பிறகு நல்ல ஆளாகப் பார்த்து வேலைக்கு வைப்போம். இதை குரூப் ஹோம் என்கிறார்கள். இதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தால் நாங்கள் கண்ணை மூடினாலும் அந்த வீடு சட்டப்படி நடக்கும். இல்லாவிட்டால் எங்களோடு அதுவும் முடிந்துபோகும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு காகிதம்தான்.

ராமச்சந்திராபுரத்துக்கு அப்பால் ஒரு புதுக் காலனியில் மூலை வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷன். போனிலேயே சரி என்றார்.

இனி நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் எதைக் கட்டினாலும் கல் பதிக்காமல் விடமாட்டோம். கோயிலுக்கு ஒரு கல், கோபுரத்துக்கு ஒரு கல், பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினால் அதற்கும் ஒரு கல். எங்கள் வீட்டுக்கும் கல் வந்தது. பளபளவென்று கறுப்புக் கல். மேலே சிலுவை. அதன் கீழே தங்க எழுத்தில், இன்னார் ஜெபித்துத் திறந்து வைத்தார் என்று நம் போதகர் ஐயா பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர், குடும்பத் தலைவர்கள் மூன்று பேர் பெயர். எல்லாம் சுத்தத் தமிழில். வாடகை வீட்டு மதிலில், பக்கத்துச் சாலையைப் பார்க்கிற மாதிரி, இவரே நின்று சிமெண்ட் பூசிப் பதித்தார். பந்தல், சீரியல் விளக்கு, இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. பாட்டு, ஜெபம், பிரியாணி. தெருவே அதிர்ந்தது. எங்களுக்கோ மனசு குளிர்ந்துபோயிற்று.

லைசென்ஸுக்கு மனு கொடுக்க நாங்கள் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோதே நோட்டீஸ் வந்துவிட்டது.

அதன் பிறகு நாங்கள் அலையாத ஆபீஸ் இல்லை. ஊனமுற்றோர் நலத்துறையில், "மாநகராட்சியிடம் ஆட்சேபணை இல்லை என்று வாங்கி வாருங்கள், அப்புறம் லைசென்ஸைப் பார்ப்போம்" என்றார்கள். மாநகராட்சியில், "முதலில் லைசென்ஸைக் காட்டுங்கள், நீங்கள் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். தீயணைப்புத் துறையில், மதிலுக்கு இன்னொரு பக்கம் வெளியேற வழி வேண்டும் என்றார்கள். நகரமைப்புப் பிரிவில்தான் பெரிய இடி. நிறுவனம் என்றால் வீட்டு முன்னால் சாலை இன்னும் அகலமாக இருக்க வேண்டுமாம். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் அவ்வளவு அகலம் கிடையாது. சாலையை நான் எங்கே போய் இழுத்து அகலமாக்குவது?

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு மாடி முழுக்க சாஃப்ட்வேர் பையன்கள் தங்கியிருந்தார்கள். மாடிப்படி எல்லாம் ஷூ. வாசல் எல்லாம் பைக். அதற்கு நோட்டீஸ் இல்லை. நகரமைப்புப் பிரிவில் இருந்த குமாஸ்தாவிடம் கேட்டே விட்டேன்.

"ஒரு கூட்டம் பசங்க தங்கினா அது வீடு, எங்க நாலு புள்ளைங்க தங்கினா அது நிறுவனமா சார்?"

அவர் என்னைப் பார்க்காமலேயே, "உங்க மேல புகார் வந்திருக்கும்மா. அவங்க மேல வரல" என்றார். அவ்வளவுதான் பதில்.

புகார் கொடுத்தது யார் என்றும் தெரிந்துபோயிற்று. எதிர் வீட்டு ராவ் காரு. தெலுங்கில் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். காலனி சங்கத்தின் செயலாளர். புகாரோடு எங்கள் கல்லின் போட்டோவை இணைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வீட்டுக்காரரும் போன் செய்தார். "சட்டச் சிக்கல் வேண்டாம் ஆன்ட்டி, வேற வீடு பாத்துக்கோங்க" என்றார். கைக்கு எட்டியதெல்லாம் ஒரே வாரத்தில் நழுவியது. இவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. முரளியும் டேனியும் மட்டும் சந்தோஷமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஏற்கெனவே வீடாகியிருந்தது. இவர்களை மறுபடியும் எப்படிப் பெட்டி கட்டச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, பிடிவாதம்தான் வந்தது. மனசுக்குள் ஆண்டவரோடு நேராகவே பேசினேன். "ஆண்டவரே, இது நிறுவனம் இல்ல, வீடுன்னு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த ஆபீஸ்காரங்க வாயாலயே 'இது வீடு'ன்னு சொல்ல வையும். அது வரைக்கும் நான் இந்த இடத்த விட்டு அசையமாட்டேன். நீரும் அசையப்படாது." ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். அப்படித்தான் பேசினேன்.

ஜெபத்தை முடித்து எழுந்ததும், முதலில் அந்த ராவ் காருவைப் போய்ப் பார் என்று மனதில் ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன். டேனியும் கூட வந்தான். அவனை விட்டுவிட்டுப் போனால் தெருவில் நின்று கூப்பிடுவான்.

ராவ் காரு சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற மனிதர், வெள்ளைப் பனியன், மூக்குக் கண்ணாடி. நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவரோ எழுந்து நாற்காலியை எனக்குக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"எங்க புள்ளைங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"பிள்ளைங்க ஒண்ணும் செய்யல அம்மா. நான் முன்னால குடியிருந்த இடத்துல பக்கத்துல ஒரு ஃபங்ஷன் ஹால் வந்தது. ஸ்பீக்கர் சத்தத்துல என் சம்சாரம் படுத்த படுக்கையானா. அதுக்காகத்தான் இங்க வந்தோம். நீங்க வந்த முதல் நாளே அதே ஸ்பீக்கர். மறுநாள் பாத்தா மதில்ல கல். வீட்டுக்கு யாராவது கல் பதிப்பாங்களா? ஹாலுக்குத்தான் பதிப்பாங்க, கோயிலுக்குத்தான் பதிப்பாங்க. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

"அது சர்ச் இல்ல. கல்ல படிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"உங்க பாஷை எனக்குப் படிக்கத் தெரியாது. சிலுவை மட்டும்தான் தெரியுது. வாங்க, நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

மூன்று பேரும் சாலையைக் கடந்து கல்லின் முன்னால் போய் நின்றோம். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தெலுங்கில் சொன்னேன். போதகர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர், குடும்பத் தலைவர்கள் பெயர். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் டேனியைக் காட்டினார்.

"இவன் பேரு எங்க அம்மா?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. கல்லை மறுபடியும் மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். டேனி பெயர் இல்லை. முரளி பெயர் இல்லை. மற்ற இரண்டு பையன்கள் பெயரும் இல்லை. நாங்கள் யாருக்காக அந்த வீட்டை எடுத்தோமோ அவர்களைத் தவிர எல்லாரும் அதில் இருந்தார்கள். டேனி அந்தத் தங்க எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆண்டவர் எனக்குச் சொல்ல நினைத்ததை அந்த மனிதர் வாயால் சொன்னார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் எதிரி என்று நினைத்துப் போன ஆள் அவர். வீட்டுக்குள் வந்ததும் இவரிடம் சொன்னேன்.

"என்னங்க, அந்தக் கல்லப் பேத்து எடுங்க."

இவர் அதிர்ந்துபோனார். "ஏ கிரேஸு, என் பேரு கல்லுல ஏறுனது இதான் முதல் தடவ. அதையும் பேக்கணுமாக்கும்? இனிமே ஏறுனா கல்லறையிலதான் ஏறும்."

"ஏறும்போது ஏறட்டும். அதுவரைக்கும் இந்தப் புள்ளைக்கு ஒரு கூரை வேணும்லா?"

சரோஜா அக்காவுக்குப் போன் போட்டேன். கல்லைப் பேர்க்கப் போகிறோம் என்றேன். "ஹவ், ஆமா கிரேஸ், அந்தக் கல்லைப் பாத்த அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. என் பையன் இருக்கிற வீட்டுக்கு நான் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறேனோன்னு. கைக்கு, ஏன் சொல்லணும், நீங்கள்லாம் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறோம், இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

போதகர் ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாரமாக இருந்தது. அவர் பெயர்தானே முதல் வரி. ஆராதனை முடிந்து எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் மாட்டினார்.

"பேத்துருங்க, கிரேஸம்மா. ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும்" என்றார். பிறகு சிரித்துவிட்டார்.

அன்று மத்தியானமே இவர் உளியும் சுத்தியலும் எடுத்தார். தொழிற்சாலைக்காரர் பூசிய சிமெண்ட் ஆயிற்றே, லேசில் வருமா? கல் வந்தபோது சுற்றியிருந்த செங்கல்லும் சேர்ந்து வந்துவிட்டது. மதிலில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கல்லைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய், எழுத்து மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டார். சரியான உயரத்தில் குழாயடியில் அமைந்துவிட்டது. மறுநாள் டேனி அதன்மேல் தன் சட்டையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து இவர் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எதிர் வீட்டிலிருந்து ராவ் காரு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நாங்கள் நகரமைப்புப் பிரிவுக்குப் புது மனு எழுதினோம். இது நிறுவனம் அல்ல, குடும்பமாக வாழும் வீடு. நான்கு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம். போர்டு வைக்க மாட்டோம், ஸ்பீக்கர் வைக்க மாட்டோம், கூட்டம் நடத்த மாட்டோம். நேரில் வந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கே மேலதிகாரி ஓர் அம்மா, படித்துவிட்டு, "வந்து பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். புகார் கொடுத்தவரையும் வைத்துக்கொண்டுதான் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

அப்போது தார்நாகாவில் இருக்கிற நம் சபைச் சகோதரர் ஒருவர், ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவர், நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார். "அதிகாரி வர்ற அன்னிக்குப் பசங்கள எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. கத்தினா, அடம் பிடிச்சா காரியம் கெட்டுப்போகும். வீட்டச் சுத்தமா வச்சு, ஃபைலக் காட்டுங்க, போதும்" என்றார்.

இவருக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. சரோஜா அக்காதான் கையை ஆட்டினார். "நக்கோ, நக்கோ, வேணாம். பசங்களை எங்கயும் அனுப்ப நக்கோ. யாரோட வீடோ அவங்க இல்லாம காலி வீட்டைக் காட்டி என்ன செய்யப்போறோம்?"

கல்லில் அவர்கள் பெயரை விட்டோம். இப்போது வீட்டிலும் அவர்களை ஒளித்துவைப்பதா? "இருக்கட்டும். கத்தினா கத்தட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரியம்மா காலையிலேயே வந்துவிட்டார். கூட இரண்டு பேர் அளவு நாடாவோடு. பின்னால் ராவ் காரு. நான் இங்கிலீஷில் ஒரு பேச்சு தயாரித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சட்டம், உரிமை என்று பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் போட்டு. வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஆபீஸ் வேகத்தில் விறுவிறுவென்று கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். செருப்புக் காலோடு. மழையில் நனைந்த செம்மண் வேறு.

கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்த டேனி ஈரக் கையோடு ஓடி வந்தான். அவர் முன்னால் போய் நின்றான். அவர் காலைப் பார்த்தான். தான் துடைத்த தரையைப் பார்த்தான். காலையில் தரை துடைப்பது அவன் வேலை. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"செப்புலு! பைட்டா!" என்று வாசலைக் காட்டி ஒரு அதட்டுப் போட்டான். செருப்பை வெளியே விடு என்று அர்த்தம்.

இவர், "டேனி, டேனி" என்று பாய்ந்தார். அளவு நாடாக்காரர்கள் முறைத்தார்கள். முடிந்தது கதை, ஆண்டவரே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் அதிகாரியம்மா வாசலில் குனிந்து செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் வந்த ஆட்களும் கழற்றினார்கள். ராவ் காருவும் கழற்றினார். டேனி நான்கு ஜோடியையும் எடுத்துச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "ரா ரா" என்று அதிகாரியம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். தன் கட்டில், முரளியின் கட்டில், சாமி படம் மாட்டிய முரளியின் மூலை, என் ஜெபப் பாய், அடுப்படி, உரித்து வைத்த பட்டாணி என்று எல்லாவற்றையும் காட்டினான். என் இங்கிலீஷ் பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல எத்தனையோ ஹாஸ்டலுக்குள்ள, ஹாலுக்குள்ள, நர்சிங் ஹோமுக்குள்ள போயிருக்கேன். யாரும் என்னை இப்படி அதட்டினதில்ல. எல்லாரும் சலாம் போட்டுத்தான் பழக்கம். அதட்டுறவன் வீட்டுக்காரன்தான்" என்றார் தெலுங்கில். பிறகு ராவ் காருவைப் பார்த்து, "இது வீடு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

இது வீடு. நான் ஆண்டவரிடம் கேட்ட அதே வார்த்தை. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உபவாச ஜெபத்தில் வராத கண்ணீர் எல்லாம் சேர்ந்து வந்தது.

ராவ் காரு, "ஸ்பீக்கர் வைக்கலன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். "கிறிஸ்மஸுக்கும்?" என்று கேட்டார் என் பக்கம் திரும்பி. "கிறிஸ்மஸுக்கும் இல்ல. கேக்கு மட்டும் அனுப்புவேன்" என்றேன். அப்படியே எழுதி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

குடியிருப்பாகவே கருதி நோட்டீஸ் ரத்தானது. சாலை அகலப் பேச்சு அதோடு போயிற்று. நான் எழுதிக் கொடுத்த நிபந்தனைகளையே அவர்கள் உத்தரவில் போட்டார்கள். தீயணைப்பு அதிகாரி வந்து, மதிலில் இன்னொரு வழி வேண்டுமே என்று சுற்றி வந்தார். கல் இருந்த இடத்து ஓட்டையின் முன்னால் நின்றார். "இங்கதான் பாதி வேலை முடிஞ்சிருக்கே, இதையே அகலமாக்கி ஒரு கேட் போடுங்க" என்றார். சட்டச் சிக்கல் தீர்ந்துவிட்டதால் அமெரிக்காவில் இருக்கிற வீட்டுக்காரரும் எங்களை அங்கேயே இருக்கச் சொல்லி, கேட்டுக்கும் சம்மதித்தார். எங்கள் பெயர் இருந்த இடத்தில் பிள்ளைகள் தப்பித்துப் போக வழி வந்தது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன், எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்.

அதன் பிறகும் லைசென்ஸ் உடனே வரவில்லை. நடையாய் நடந்தோம். திருப்பி அனுப்பினார்கள், மறுபடியும் போனோம். ஜெபித்தால் போதும், ஆபீசுக்குப் போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்காலும் தேய வேண்டும், செருப்பும் தேய வேண்டும். அடுத்த வருஷம் ஈஸ்டர் நெருங்குகிற சமயத்தில் அந்தக் காகிதம் எங்கள் கைக்கு வந்தது. இவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போனார். நான் ஒரு பார்வை பார்த்தேன். பேசாமல் பீரோவில் வைத்துவிட்டார்.

லைசென்ஸ் வந்த பிறகு ஒரு நல்ல தம்பதியை வீட்டோடு தங்க வேலைக்கு வைத்தோம். முறைப்படி அவர்களுக்குப் பயிற்சி, வருஷா வருஷம் சோதனை எல்லாம் நடக்கிறது. டேனி இப்போது மெயின் ரோட்டில் நின்று கம்பெனி பஸ்ஸுக்குக் கையாட்டுகிறான். அவன் சாலையைக் கடக்கும்போது ராவ் காரு வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறார். அவரை அவன் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான்.

போன வருஷம், 2011-இல், என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நெஞ்சுவலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் டேனியை இழுத்தார்கள். "எங்க கூட ஊருக்கு வா", "எங்க வீட்டுக்கு வா" என்று. எல்லாரும் பாசத்தோடுதான் கூப்பிட்டார்கள். டேனி யார் கையையும் பிடிக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"மன இண்டிகி போதாம்" என்றான். நம் வீட்டுக்குப் போகலாம் என்று.

எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார் என்று எத்தனை வருஷம் கேட்டேன். அதற்குப் பதில் அவன் வாயிலிருந்தே வந்தது. அவனுக்குப் போக ஒரு வீடு இருந்தது. அது எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவைப் புதைத்த அன்று, அந்தப் பிள்ளை வழி தெரியாமல் நிற்கவில்லை. இவர் பெயர் இரண்டாவது தடவையாகக் கல்லில் ஏறியது, அவர் சொன்னபடியே. அதைப் பதிக்கும்போது நான் அழுதேன், ஆனால் பயந்து அழவில்லை. நாளைக்கு என் பெயர் அதன் பக்கத்தில் ஏறினாலும் பரவாயில்லை என்கிற தைரியத்தை ஆண்டவர் எனக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்!

உங்கள் வீட்டிலும் ஒரு டேனி இருக்கலாம். ஒரு முரளி இருக்கலாம். உங்கள் கேட்டிலும் ஏதாவது ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கலாம். பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். ஆண்டவரிடம் வேண்டியதை வேண்டிய வார்த்தையிலேயே கேளுங்கள், அப்புறம் எழுந்து நடங்கள். பதில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மட்டும் நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள்.

நம்பிக்கை வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். போர்டு இருக்காது, கல் இருக்காது. மூலை வீடு, பக்கத்துச் சாலையில் ஒரு சின்ன கேட். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்காரன் உள்ளே விடமாட்டான்.